காதால் பழகிய தொழில்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் ஏ3 வீதியில், சிலாபத்தைத் தாண்டி வடக்கே போனால் முந்தல் வரும். ஒரு பக்கம் களப்பு. அந்தக் களப்பைப் புத்தளம் களப்போடு சேர்க்கும் ஒல்லாந்தர் கால்வாய். உடப்புப் பக்கம் திரும்பினால் கடல். இங்கேயும் இலங்கையின் மற்ற வீதியோரக் கராஜ்களிலும் வேலை தெரிந்தவரை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கால்வாயைப் போலவே அந்தச் சொல்லும் ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். அவர்கள் மொழியில் அது வேலைத்தலத்து மேலாளைக் குறிக்கும்.

பாஸிடம் வரும் சாரதி பழுதின் பெயரைச் சொல்வதில்லை, சத்தத்தைச் சொல்வார். “டிக் டிக்கெண்டு அடிக்குது பாஸ்.” “ஏத்தத்துல தட்டுது.” “காலையில ஸ்டார்ட் பண்ணினா கீச்சிடுது.” பாஸ் பொனட்டைத் திறந்து, நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அதே வழிதான். காற்றில் கலைந்துபோகும் சத்தத்தை இரும்பு இடம் தவறாமல் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இலங்கையில் இந்தக் காது கூர்மையானதற்கு ஒரு வரலாறு உண்டு.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசு கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியை ஓட்டுவதைத் தவிரப் பெரும்பாலானோருக்கு வேறு வழியிருக்கவில்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40உம் அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறின. உதிரிப்பாகம் அரிது, சும்மா கழற்றிப் பார்த்தால் ஒரு கேஸ்கட் வீணாகும். அதனால் கழற்றும் முன்பே பழுது எதுவென்று தெரிந்தாக வேண்டும். 1959இல் ஜேர்மன் உதவியோடு தொடங்கிய, மக்கள் ‘ஜேர்மன் டெக்’ என்று அழைக்கும் பயிற்சி நிறுவனம் பாடத்தோடு தொழில் கற்பித்தது. ஊர்க் கராஜ்களிலோ பாஸுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே பையன்கள் பழகினார்கள்.

அவர்கள் பழகிய கணக்கு நுட்பமானது. மைனரில் வால்வை இயக்கும் டப்பட்டின் இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். அது கூடினால் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்கும். கேம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வுக்கு ஒரு ‘டிக்’தான். சத்தம் வரும் டப்பட்டில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகியதும் அது அடங்கினால் குற்றவாளி பிடிபட்டான். பிஸ்டன் கோலைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் பிக் எண்ட் பெயாரிங் தேய்ந்தால் வருவது கனத்த ‘டொக் டொக்’. சுமை ஏற ஏற, சூடு ஏற ஏறக் கூடும். பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எந்த சிலிண்டரில் தட்டல் தணிகிறதோ அங்கேதான் வியாதி. பிஸ்டன் தளர்ந்த சத்தம் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த எஞ்சினில் பலமாக அடித்து, சூடேறியதும் குறையும். கீச்சிடும் பெல்ட்டுக்குச் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். சத்தம் நின்று திரும்பவும் வந்தால் விடை கிடைத்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு வந்த மிகக் கடுமையான சோதனை யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. ஏ40களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது முடிந்தது. ஆனாலும் மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும். சுத்தியலால் தட்டுவதுபோல எஞ்சின் ‘நொக்’ பண்ணும், புகை கக்கும். அந்தத் தட்டல் அடங்கும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைக்க வேண்டும். அதற்கு அளவுகோல் காது. போரின் நடுவே நோயாளியும் கர்ப்பிணியும் ஆஸ்பத்திரிக்குப் போனது இப்படி ஓடிய வண்டிகளில். அந்தக் கைகளுக்கும் காதுகளுக்கும் தமிழ்ச் சமூகம் பட்ட கடன் பெரியது. அதை விரிவாக எழுதிவைத்தவர்கள் குறைவு.

முந்தல் பக்கத்துக் கரையோரத்துக்கு மண்ணெண்ணெயில் ஓட்டும் இந்த வித்தை அந்நியமல்ல. இலங்கைக் கரையெங்கும் மீன்பிடிப் படகுகளில் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்களும் பெற்றோலில் பிடித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுபவைதான்.  கரையோர வண்டிகளுக்கு ஒரு பகையும் உண்டு. உப்புக்காற்று சைலன்சரை அரித்து ஓட்டை போடும். எக்ஸாஸ்ட் கேஸ்கட்டில் கசிவு வந்தால் டப்பட் சத்தம் போலவே ‘டிக் டிக்’ என்று ஏமாற்றும். அனுபவமில்லாதவர் வால்வைத் திருகி நேரத்தைக் கொல்வார்.

1977க்குப் பிறகு ஜப்பானியக் கார்களும் வான்களும் வந்து குவிந்தன. பிறகு காபரேட்டர் போய் கணினி வந்தது. ஸ்கேனரைச் செருகினால் பழுதின் இலக்கம் திரையில் விழுகிறது. ஆனால் அந்தக் கணினியும் காதை விடவில்லை. 1978இல் அமெரிக்காவின் பியூயிக் நிறுவனம் தன் டர்போ கார்களில் ‘நொக் சென்சர்’ என்ற ஒன்றைப் பூட்டியது. எஞ்சின் உடம்பில் திருகிய சிறு உணரி அது. தட்டலை உணர்ந்ததும், தீப்பொறி விழும் நேரத்தைத் தானாகவே பிந்தவைக்கும். யாழ்ப்பாணத்துப் பாஸ் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பிச் செய்த அதே வேலை.

ஆனால் தேய்ந்த வோட்டர் பம்ப் பெயாரிங்குக்கோ, தளர்ந்த டப்பட்டுக்கோ, ஓட்டை விழுந்த சைலன்சருக்கோ ஸ்கேனரிடம் பெரும்பாலும் இலக்கம் கிடையாது. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்கள் இன்னும் பழையவை ஆயின. அவற்றில் ஒன்று வந்து நின்றால் பாஸ் இன்றும் ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடி, மற்றக் கையை உயர்த்தி, சாரதிக்குச் சைகை காட்டுகிறார்: இன்னும் கொஞ்சம் அக்சிலேட்டரை மிதி.