நிரந்தரக் குடியிருப்பு அட்டை புதுப்பித்தல்: வாழ்க்கைத்துணை இறந்தபின் (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாட்டில் காலவரையின்றித் தங்கவும் வேலை செய்யவும் உரிமை பெற்ற வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் அடையாள அட்டை நிரந்தரக் குடியிருப்பு அட்டை. பேச்சு வழக்கில் கிரீன் கார்டு. தமிழ் நாளிதழ்கள் இதை 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதிவருவது பிழை. அட்டை பெற்றவர் குடிமகன் ஆவதில்லை. சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையே வைத்திருப்பார், அமெரிக்கத் தேசியத் தேர்தல்களில் வாக்களிக்க முடியாது. கணவன் அல்லது மனைவி வழியாக இந்த உரிமையைப் பெற்ற ஒருவர், துணையை இழந்தபின் அட்டையைப் புதுப்பிக்கும் வழி, கையிலிருப்பது எந்த அட்டை என்பதைப் பொறுத்தது. பத்தாண்டு அட்டையானால் துணையின் இறப்பு புதுப்பித்தலைத் தொடுவதே இல்லை. ஈராண்டு அட்டையானால் நடப்பது புதுப்பித்தலே அல்ல, நிபந்தனை நீக்கம். இந்த வேறுபாடு அறியாமல் தவறான படிவத்தை அனுப்பிக் கட்டணத்தை இழப்போர் உண்டு.

அட்டையின் வரலாறு

1940க்கு முன் அமெரிக்காவில் குடியேறிய வெளிநாட்டவர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பொதுவிதி இல்லை. போர் அச்சத்தில் அவ்வாண்டு ஜூனில் இயற்றப்பட்ட அந்நியர் பதிவுச் சட்டம் 14 வயது நிறைந்த ஒவ்வொரு வெளிநாட்டவரும் பதிவு செய்யவும் கைரேகை தரவும் கட்டளையிட்டது. பதிவு நடந்த இடம் அஞ்சலகம். அஞ்சலகத்தில் நிரப்பிக் கொடுத்த படிவத்துக்குப் பதிலாக ஏஆர்-3 என்ற ரசீது அட்டை தபாலில் வந்தது. சட்டப்படி வந்தவர், ஒளிந்து வந்தவர் என்ற பேதமின்றி அனைவருக்கும் இதே ரசீதுதான். ஆகவே அந்த அட்டை எந்த உரிமைக்கும் சான்று ஆகவில்லை.

போருக்குப் பின் பதிவு அஞ்சலகங்களிலிருந்து துறைமுகங்களுக்கு மாறியது. வந்திறங்குவோரை வகைபிரித்து, வகைக்கொரு படிவம் கொடுத்தார்கள். நிரந்தரமாகத் தங்க வந்தவருக்குக் கிடைத்தது ஐ-151. அதன் நிறம் பச்சை. 1950இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து, பழைய ஏஆர்-3 ரசீதுகளைக் கொடுத்துவிட்டு ஐ-151 பெறும் வழி திறந்தது. ஆனால் சட்டப்படித் தங்கியிருப்பதை மெய்ப்பித்தவருக்கு மட்டுமே மாற்று அட்டை கிடைத்தது. அதுவரை வெறும் ரசீதாயிருந்த காகிதம் அன்றுதான் உரிமைச் சான்றாகியது. வேலை தேடுவோரும் வேலை கொடுப்போரும் நிறத்தை வைத்தே அதை அழைக்கத் தொடங்கினர்.

மதிப்பு வந்ததும் கள்ள அட்டையும் வந்தது. அதனால் ஐ-151 மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. 1977 வரை பதினைந்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வெளிவந்தன. 1964இல் பச்சை போய் வெளிர் நீலம் வந்தது. 1977இல் இயந்திரம் படிக்கக்கூடிய ஐ-551 அறிமுகமாயிற்று. இளஞ்சிவப்பு அட்டையும் ஒரு காலத்தில் புழங்கியது. நிறம் எதுவாயினும் மக்கள் வாயில் அது கிரீன் கார்டாகவே இருந்தது. 2010 மே மாதம் அரசு மறுபடி பச்சை நிறத்துக்கே திரும்பியது.

புதுப்பித்தல் என்ற பேச்சுக்கே இடமில்லாத அட்டைகளும் இருந்தன. ஐ-551 அட்டையின் முதல் பதிப்புகளில் காலாவதித் தேதி கிடையாது. 1989 ஆகஸ்டுக்குப் பின்பே பத்தாண்டு எல்லை அச்சிடப்பட்டது. பழைய ஐ-151 அட்டைகள் 1996 மார்ச்சில் செல்லாதவையாக்கப்பட்டன.

ஈராண்டு அட்டை தோன்றியது

1986 நவம்பர் 10 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடிவரவுத் திருமண மோசடித் திருத்தச் சட்டம் சந்தேகத்தில் பிறந்த சட்டம். குடிவரவு மனுக்களுக்கு அடிப்படையான திருமணங்களில் 30 விழுக்காடு போலியாக இருக்கலாம் என்று அக்காலக் குடிவரவுப் பணியகமான ஐஎன்எஸ், செனட் குழுவிடம் 1985இல் கூறியது. அந்த எண்ணுக்கு ஆதாரமாயிருந்த கணக்கெடுப்பு புள்ளியியல்படி தேறாதது என்பது பின்னர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. எண் விழுந்தது, சட்டம் நின்றது.

அதன்படி, நிரந்தர உரிமை பெறும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறையாதிருந்தால் உரிமை நிபந்தனையோடுதான் கிடைக்கும். அட்டையின் ஆயுள் இரண்டே ஆண்டு. அமெரிக்கக் குடிமகனின் துணையாக வெளிநாட்டிலிருந்து விசாவோடு வந்தவரின் அட்டையில் சிஆர்1 என்றும், அமெரிக்காவுக்குள் இருந்தபடியே தகுதி மாற்றிக்கொண்டவரின் அட்டையில் சிஆர்6 என்றும் குறியிடப்படும். இரண்டாண்டு கடந்த திருமணமானால் முறையே ஐஆர்1, ஐஆர்6. குடிமகனின் கைம்பெண்ணாக, அல்லது மனைவியை இழந்த கணவனாகத் தாமே மனுச் செய்து வந்தவருக்கு ஐடபிள்யூ1, ஐடபிள்யூ6. துணையை இழந்தவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறியைத்தான். 'சி' என்று தொடங்கினால் நிபந்தனை. 'ஐ' என்று தொடங்கினால் நிபந்தனை இல்லை.

இரண்டாண்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் நிரந்தர உரிமையே முடிவுக்கு வரும். சேர்ந்து கையெழுத்திட ஒருவர் உயிரோடில்லை என்றால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் மையம்.

இறப்பும் நிபந்தனையும்

அந்தத் திருத்தச் சட்டம் சேர்த்த 216ஆம் பிரிவு, இரண்டாண்டுக்குள் திருமணம் முறிந்தால் உரிமையை ரத்து செய்யலாம் என்கிறது. அதே வாக்கியத்தில் 'துணையின் இறப்பால் அல்லாமல்' என்ற விலக்கும் இருக்கிறது. திருமணத்தின் எல்லா முடிவுகளிலும் இந்தச் சட்டம் சந்தேகப்படாத ஒரே முடிவு சாவு. ஆனால் அந்தத் திருமணம் உண்மையானதுதானா என்ற கேள்வியை அது அதோடு விட்டுவிடவில்லை.

ஐ-751 படிவத்தில் 'நல்லெண்ணத்தோடு திருமணம் செய்தேன், துணை இறந்துவிட்டார்' என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. அதைக் குறித்துத் தனியாகவே மனுச் செய்யலாம். 90 நாள் சாளரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இணைக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், அட்டை நகல், இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கான சான்றுகள். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, காப்பீட்டில் எழுதிய வாரிசுப் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவை வழக்கமானவை. மணமாகி எட்டு மாதத்தில் துணையை இழந்தவரிடம் இத்தனையும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் நண்பர், உறவினரின் உறுதிமொழிக் கடிதங்களையும் மருத்துவமனைப் பதிவுகளையும் சேர்ப்பதுண்டு. துக்க வீட்டில் முதலில் ஒழித்துக் கட்டப்படுபவை பழைய பில்களும் கடிதங்களும்தான். அவற்றைக் கொஞ்ச காலம் தூக்கிப் போடாமலிருப்பது நல்லது.

தனியாக மனுச் செய்பவர் ஒரு 'விதிவிலக்கு' கேட்கிறாரா, அல்லது உரிமைப்படியே மனுச் செய்கிறாரா என்பது சட்டத்தரணிகளிடையே நெடுநாள் இழுபறியாக இருந்தது. விதிவிலக்கு என்றால் நாட்டைவிட்டு அனுப்பினால் கடும் இன்னல் நேரும் என்றோ வேறு காரணத்தையோ நிறுவ வேண்டும். 2010இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ரோஸ் வழக்கில் தீர்ப்பளித்தது: ஈராண்டுக் காலத்துக்குள் துணை இறந்து, உயிரோடிருப்பவர் உரிய காலத்தில் மனுவைத் தந்து நேர்காணலுக்கும் வந்தால், தனியே இன்னல் விதிவிலக்குத் தேவையில்லை. இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிய மனு நிலுவையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தாலும் மனு சாவதில்லை. இறப்புச் சான்றிதழை அனுப்பி அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும்.

'விதவைத் தண்டனை'

அட்டை கைக்கு வருமுன்பே துணையை இழந்தவர்களின் கதை வேறு. கணவன் தாக்கல் செய்த மனு முடிவாகுமுன் அவர் இறந்தால், மனுவும் அவரோடு போய்விடும் என்பது 1970 முதல் நடைமுறையாக இருந்தது. திருமணமாகி இரண்டாண்டு கடந்திருந்தால் மட்டும் கைம்பெண் தாமே மனுச் செய்ய முடிந்தது. அலுவலகத் தாமதத்தால் மனு கிடப்பில் இருந்ததற்குக் கைம்பெண் விலை கொடுத்தார். இதையே வழக்கறிஞர்கள் 'விதவைத் தண்டனை' என்றனர், பெயர் பொருத்தமே. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கணவர், மணமாகி இரண்டாண்டு நிறையுமுன் சாலை விபத்தில் இறந்தார். அப்பெண் தொடுத்த ஃப்ரீமேன் எதிர் கோன்சாலஸ் வழக்கில் 2006இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கணவன் இறந்ததால் அவர் மனைவி என்ற நிலையை இழக்கவில்லை என்றது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோரின் துணைகளுக்கு அவ்வாண்டே பேட்ரியாட் சட்டத்தில் சலுகை தரப்பட்டிருந்தது. எல்லாருக்குமான தீர்வு 2009 அக்டோபர் 28 அன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் செருகப்பட்டு வந்தது. இரண்டாண்டுத் திருமண நிபந்தனை நீங்கியது. இறப்புக்குப் பின் இரண்டாண்டுக்குள் ஐ-360 மனு தர வேண்டும், மறுமணம் செய்திருக்கக் கூடாது என்பவை நீடிக்கின்றன.

வேலை விசாவில் வந்தவரின் துணைக்கு இந்தத் தீர்வு முழுதும் எட்டவில்லை. 2017 பிப்ரவரியில் கேன்சஸ் மாநிலத்தின் ஒலேத்தாவில் இந்தியப் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவரைச் சார்ந்து தங்கியிருந்த மனைவியின் விசாத் தகுதியும் அவரோடு போயிற்று.

பத்தாண்டு அட்டை

இதற்குரிய படிவம் ஐ-90. அட்டை காலாவதியாவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே தரலாம். அப்படிவம் தாயின் பெயரைக் கேட்கும், தந்தையின் பெயரைக் கேட்கும். துணையின் பெயருக்கு அதில் கட்டமே இல்லை. இறப்புச் சான்றிதழும் வேண்டாம், திருமணச் சான்றும் வேண்டாம். கணவன் பெயரை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விரும்பினால் மட்டும் பெயர் மாற்றத்துக்கான சட்ட ஆவணம் தேவை. அட்டை காலாவதியானால் உரிமை காலாவதியாவதில்லை. ஆயினும் 18 வயது நிறைந்தவர் செல்லுபடியாகும் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மீறினால் 100 டாலர் வரை அபராதம் அல்லது 30 நாள் வரை சிறை என்பது அதன் வாசகம்.

உரிமை பறிபோவது பெரும்பாலும் வேறு வழியில். உடலையோ அஸ்தியையோ ஊருக்குக் கொண்டுவந்தவர், வருடத் திவசம் முடித்துவிட்டுப் போகலாம் என்று தங்கிவிடுகிறார். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அட்டையைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. தூதரகத்தில் திரும்பிவரும் குடியிருப்பாளருக்கான எஸ்பி-1 விசா கேட்க வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. நெடுநாள் தங்க நேரும் என்று தெரிந்தால் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நிபந்தனை அட்டைக்காரருக்கு இன்னும் இறுக்கம், ஐ-751 அனுப்பும் நாள் இடையில் வந்துவிடும்.

இறப்புச் சான்றிதழ்

துணை இந்தியாவில் இறந்திருந்தால் 1969இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படிப் பதிவாளர் தரும் சான்றிதழே செல்லும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அதற்கு மாற்று அல்ல. சான்றிதழில் தமிழ் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். இறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் அந்நாட்டுத் துணைத் தூதரகமும் ஓர் இறப்பு அறிக்கை தரும்.

குடியுரிமை

குடிமகனின் துணை மூன்றாண்டில் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம், மற்றவருக்கு ஐந்தாண்டு. உறுதிமொழி ஏற்கும் நாளுக்கு முன் துணை இறந்தால் மூன்றாண்டுச் சலுகை போய்விடும். பணியிலிருக்கும்போது இறந்த அமெரிக்கப் படைவீரரின் துணைக்குத் தனி விலக்கு உண்டு.

பிற நாடு, இன்றைய நிலை

கனடா 2012 அக்டோபரில் இதே போன்ற ஈராண்டு நிபந்தனையைக் கொண்டுவந்து, 2017 ஏப்ரலில் கைவிட்டது. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் ஐ-751 கட்டணம் 750 டாலர். ஐ-90 இணையவழி 415, தாளில் 465. மனு பெற்றதற்கான ரசீது, காலாவதியான அட்டையின் ஆயுளை ஐ-751க்கு 48 மாதமும், 2024 செப்டம்பர் முதல் ஐ-90க்கு 36 மாதமும் நீட்டிக்கிறது. கட்டணமும் காலமும் அடிக்கடி மாறுவதால் மனு அனுப்பும் நாளில் இன்றைய குடிவரவுப் பணியகமான யூஎஸ்சிஐஎஸ்ஸின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1989க்கு முந்தைய, காலாவதித் தேதி அச்சிடப்படாத ஐ-551 அட்டைகள் இன்றும் செல்லும். அவற்றை வைத்திருக்கும் முதியவர் கணவனை இழந்தாலும் மனைவியை இழந்தாலும் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை.