துவிச்சக்கர வண்டி இயக்கிய வானொலி

வாகனத்தின் மின்சாரத்தில் வானொலி கேட்கும் வழக்கம் 1930களில் பரவியது. சிக்காகோவின் கல்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்கு விட்டது 1930 இல் ஆகும். பின்னர் கார்களுக்கு ஒலிபெருக்கி, திருட்டு எச்சரிக்கை மணி ஆகியவற்றைத் தாமே செய்து பொருத்துவது பல நாடுகளில் பொழுதுபோக்காயிற்று. 60 ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் அதே கைவேலை அத்தியாவசியத் தேவையாக மாறியது.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்குள் அடங்கின. எஞ்சிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஏனையோருக்குத் துவிச்சக்கர வண்டியே வாகனம். அதன் டைனமோவே மின்நிலையம்.

பொதுவாக அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவில் ஆடலோட்டத்தைத் தரும். றான்சிஸ்ரர் வானொலிக்கோ நேரோட்டம் வேண்டும். நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து, ஒரு கொள்ளளவியையும் சேர்த்தால் அது கிடைத்துவிடும். கொள்ளளவி சிறியதாயின் குரலோடு உறுமலும் கேட்கும். சக்கரம் வேகமாகச் சுழன்றால் மின்னழுத்தம் ஏறி வானொலியே எரிந்துபோகலாம். முன்விளக்கின் மின்குமிழையும் இணைப்பில் விட்டுவைத்தால், அது மின்னில் ஒரு பகுதியை ஏற்று அழுத்தத்தை மட்டுப்படுத்தும்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, ஏனையோர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். கை தளர்ந்தால் குரலும் தளர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, அவர்களின் மூட்டைகளைச் சுமந்தவையும் இவ்வண்டிகளே.

மின்கலங்கள் குண்டுகளை வெடிக்கவைக்கப் பயன்படும் என்பது அரசு கூறிய நியாயம். ஆனால், தம் தலைமேல் நிகழ்வதை அறியும் உரிமையையும் அத்தடை பொதுமக்களிடமிருந்து பறித்தது. செய்தித்தொழிலில் பல்லாண்டு கழித்தவன் என்ற வகையில், அவ்வுரிமையை மீட்க அம்மக்கள் பட்ட பாட்டை நான் பெரிதாகவே மதிக்கின்றேன். ஒரு செய்தியறிக்கைக்காகக் கைசோரச் சக்கரம் சுற்றிய நேயர்களை எந்த ஒலிபரப்பு நிலையமும் எளிதில் பெற்றதில்லை.

போரின் வரலாறு படைநகர்வுகளைத் திகதிவாரியாகச் சொல்கின்றது. பழுதடைந்த பெட்டிகளிலிருந்து இருவாயிகளைக் கழற்றிப் பற்றவைத்த திருத்துநர்களும் மாணவர்களும் அதில் இடம்பெறவில்லை. அவர்களுள் பலர் இன்று புலம்பெயர்ந்து பல நாடுகளில் வாழ்கின்றனர். எந்தக் கம்பியை எதனுடன் இணைத்தோம், அன்றிரவு எந்தச் செய்தியைக் கேட்டோம் என்பதை அவர்கள் எழுதிவைக்க வேண்டும். நினைவு மங்குமுன் அது நிகழவேண்டும்.