தேரியில் தோண்டிய கிணறு

திருநெல்வேலி என்றவுடன் பொதிகையும், தாமிரபரணியும், அதன் இரு கரையிலும் பரந்த நெல்வயல்களும் வாழைத்தோட்டங்களுமே வெளியூரார் மனக்கண்முன் வந்து நிற்கும். ஆயினும் அந்த ஜில்லாவில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவ சபைகள் திரளாக வேரூன்றிய பூமி ஆற்றின் ஈரம் எட்டாத பூமியாகும். அணைகளும் கால்வாய்களும் பாய்ந்த நன்செய் முழுவதும் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பரம்பரை மிராசுதாரர்களுக்கும் உரிமைப்பட்டுக் கிடக்க, சபைகளில் சேர்ந்த எளிய ஜனங்களில் பெரும்பாலோர் ஆற்றுக்குத் தெற்கே, கருமேனியாறும் நம்பியாறும் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே ஓடுகின்ற பனங்காட்டுப் பிரதேசத்தில் ஜீவித்தவர்கள். ஆகையால், சிருஷ்டியைப் பேணுவதில் திருச்சபைக்குள்ள கடமை என்று இக்காலத்தில் மாநாடு கூட்டி ஆராய்கிற விஷயம், அந்த ஆதிச் சபைகளின் வாசலில் முதன்முதலாக வந்து நின்றபோது குடிதண்ணீர்க் கவலையாகவே வந்து நின்றது.

அந்தப் பிரதேசத்தின் இயல்பை அறியாதவர்க்கு அக்கவலையின் கனம் விளங்காது. சாத்தான்குளத்தைச் சுற்றியும் குதிரைமொழியிலும் நாசரேத்தை அடுத்தும் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலைக்கு அப்பால் மழை கொட்டுகையில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இப்பக்கம் வருவது வறண்ட காற்று ஒன்றே. அது மணலை வாரிக்கொண்டு போய் வேலியிலும், விளையிலும், சில இடங்களில் வீட்டுச் சுவரிலும் குவித்துவிடும். ஆனால் அதே மணல், ஐப்பசி கார்த்திகையில் விழும் மழையைச் சொட்டு விடாமல் உறிஞ்சித் தன் அடியில் வைத்திருந்து, தேரியின் ஓரங்களில் சுனையாகவும் தருவை என்னும் ஆழமற்ற நீர்நிலையாகவும் கசியவிடுகிறது. திருச்செந்தூரை அடுத்த மேலப்புதுக்குடியில் அத்தகைய சுனையொன்றின் பக்கத்தில் இருக்கும் தெய்வத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் என்று பெயர். ஊற்றைக் காப்பதே ஒரு தெய்வத்தின் திருநாமமாக அமைந்த நாட்டில், நீரைப் பேணும் புத்தியைப் பாதிரிமார்தாம் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று எழுதுவது சரித்திரமாகாது.

பாளையங்கோட்டையில் 1778-ஆம் ஆண்டு மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற, பிராமண குலத்தவரான கிளாரிந்தா அம்மையார், 1785-இல் அங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். அத்துடன் ஊரார் உபயோகத்துக்கென்று அவர் வெட்டுவித்த கிணறு பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே வழங்கலாயிற்று. 1799-இல் தேரி நாட்டில் நிலம் வாங்கிக் கட்டிய முதற் கிறிஸ்தவக் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயரிட்டார்கள். (இன்று அவ்வூரின் பெயரை மஸ்கோத் அல்வாவைக் கொண்டே பலர் அறிவார்கள், அதுவும் ஒரு கீர்த்திதான்.) புதிய மார்க்கத்தில் சேர்ந்தமையால் குடியிருந்த மனையையும் நீர் மொண்ட கிணற்றையும் இழக்க நேர்ந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் பொருட்டு, இரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் என்றொரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஆனந்தபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என வேதவாசனை வீசும் ஊர்ப்பெயர்கள் அப்பக்கத்தில் நெருங்கிக் கிடப்பது, சபைகள் இவ்வாறு நிலம் தேடி ஊர் அமைத்த காலத்தின் அடையாளமாகும். ஜெபக்கூடம் ஓலைக்கூரையோடு பல ஆண்டு காத்திருக்கலாம். கிணறு ஒரு நாளும் காத்திராது. இந்த வரிசைமுறையைச் சபைச் சரித்திரம் எழுதினவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். கோபுரத்தின் உயரத்தை அடிக்கணக்கில் குறித்தவர்கள் கிணற்றின் ஆழத்தைக் குறிக்க மறந்தார்கள்.

மெஞ்ஞானபுரத்தைக் கண்டவர்க்கு இது நன்கு புலப்படும். வேல்ஸ் தேசத்தவரான ஜான் தாமஸ் ஐயர் 1830-களின் இறுதியில் அங்கே வந்து சேர்ந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் பனையும் உடைமரமுமாகவே கிடந்தது அவ்விடம். 1844-இல் அஸ்திவாரமிட்டு 1847-இல் பிரதிஷ்டையான பரிசுத்த பவுலின் ஆலயமும், 192 அடி உயரமுள்ள அதன் ஊசிக்கோபுரமும் இன்று யாத்திரிகர்களை ஈர்க்கின்றன. அந்தக் கோபுரத்தைச் சுற்றி நிழல் உண்டானதோ கிணறுகளினால். பொலபொலவென்று சரியும் மணலில் கிணறு தோண்டுவது பாறை நிலத்தில் தோண்டுவதைவிடக் கடினமான காரியம்; ஒரு முழம் தோண்டினால் இரண்டு முழம் கரை சரிந்து உள்ளே விழும்; வட்டமாக அகல வெட்டி, சுவர் கட்டிக்கொண்டே கீழே இறங்கவேண்டும். அப்படி இறங்கிக் கண்ட நீரை இறைத்து, கன்றுகளை ஊற்றி வளர்த்து, அவை காற்றை மறித்து நிற்க, மணல் நகராமல் நின்றது. மணல் நின்றபின் இலைச்சருகு மக்கி மண்ணாயிற்று. மண் உண்டான இடத்தில் தெருவும் பள்ளிக்கூடமும் தோட்டமும் உண்டாயின. 1870-இல் தாமஸ் ஐயர் காலமானபோது அவர் விட்டுச்சென்றது மரச்செறிவுள்ள ஓர் ஊர். இவ்வளவும் ஒருவர் கையால் நடந்ததன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மண் சுமந்தவர்களும், கன்றுக்குக் குடம் குடமாக நீர் சுமந்த பெண்களும் எந்தப் புத்தகத்திலும் பெயர் பெறவில்லை.

இடையன்குடியில் 1841-ஆம் ஆண்டின் இறுதியில் வந்து தங்கிய கால்டுவெல் ஐயரும் தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டார். அவர் கட்டத் தொடங்கிய ஆலயம் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பிரயாசைக்குப் பின் 1880-இல் பிரதிஷ்டையாயிற்று. ஆனால் 1849-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், பனையேறிப் பிழைக்கும் ஜனங்களின் குணத்தையும் பூர்வத்தையும் பற்றி எழுதியவை அச்சமூகத்தாரின் நெஞ்சைப் புண்படுத்தி, பின்னாளில் பெருங்கிளர்ச்சிக்கு இடமளித்தன. மொழியறிவிலும் உழைப்பிலும் அவருக்கு இணை சொல்வது அரிது. எனினும், வறண்ட மணலில் பிழைக்கும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களிடையே இருந்துகொண்டு, அந்த வித்தையை அறிவென்று அவர் மதியாமற்போனது குறையே.

அந்த வித்தை பனையைச் சார்ந்தது. ஆழ வேரிறக்கி நிற்கும் பனைக்கு யாரும் நீர் ஊற்றவேண்டியதில்லை. அதன் வேர்கள் மணலைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. பருவகாலத்தில் பனையேறி, இடுப்பில் அரிவாள் பெட்டியோடு காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதநீரைக் கொண்டுவருவான். விடிலி என்னும் ஓலைக் குடிசையில் அவன் மனைவி அதைத் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவாள். பதநீர் முதலில் வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். பின்பு மஞ்சளித்து, பாகாகிச் சிவந்து, துடுப்பிலிருந்து நூலாக இழையும். அந்தப் பதம் தப்பாமல் இறக்கிச் சிரட்டைகளில் வார்த்தால் கருப்பட்டி. ஆனால் தாச்சிக்குக் கீழே எரியும் நெருப்புக்கு விறகு வேண்டும். காய்ந்த ஓலையும் மட்டையும் போதாதபோது உடைமரம் வெட்டப்பட்டது. மணலைப் பிடித்து நின்ற ஒரு மரத்தின் இனிப்பைக் காய்ச்ச, மணலைப் பிடித்து நின்ற மற்றொரு மரத்தை எரிக்க நேர்ந்தது. தேரி நாட்டின் பொருளாதாரத்தில் இந்தச் சிக்கல் அன்றும் இருந்தது. சபைகள் அதற்கு ஒரு வழி கண்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் பொதுக் கிணற்றையும் மரத்தையும் பேணுவதற்குச் சபைகள் கண்ட வழி ஒன்றுண்டு. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துச் சபைக்குக் கொடுக்கும் கைப்பிடியரிசி, விளைச்சலின் முதற்பலனை ஆலயத்தில் கொண்டுவந்து வைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை, ஊர் முழுவதும் ஒரே அடுப்புச் சோற்றை உண்ணும் அசனம் முதலிய வழக்கங்கள், பொதுப்பொருளைத் தன்பொருளைப்போல் பேணும் பழக்கத்தை ஜனங்களிடையே வளர்த்தன. இந்தப் பழக்கமே கோயில் கிணற்றைத் தூர் வாரவும், கோயில் மரத்தைக் காக்கவும் ஆள் சேர்த்தது. அக்கிணறுகளில் எல்லா ஜாதியாரும் ஒருங்கே நீர் மொண்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசையுண்டு; ஆனால் சபைகள் பலவும் ஒரே ஜாதியாரின் ஊர்களாக இருந்தமையால் அந்தப் பரீட்சை அடிக்கடி நேரவில்லை; நேர்ந்த இடங்களில் எப்போதும் தேறவுமில்லை.

காலம் மாறிற்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கால்வாய்கள் கடற்கரைப் பக்கத்துக் குளங்களை நிறைத்தன. 2009-இல் பணி தொடங்கிய, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்க் கால்வாய், தாமிரபரணியைக் கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைத்துத் தேரியின் மடிவரையில் வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, நீருக்கு ஏங்கிய அதே நாடு நீரில் மிதந்தது. ஆழ்துளைக் குழாய்கள் பெருகியபின் கிணறுகள் பலவற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடிவிட்டார்கள். செங்கற்சூளைக்கும் மனைப்பிரிவுக்குமாகப் பனைகள் சாய்ந்தன. கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று மாநில அரசு 2021-இல் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றைச் சுற்றுச்சூழல் ஞாயிறாக ஆசரிக்கிறார்கள். பிரசங்கம் முடிந்ததும் வளாகத்தில் கன்று நடுவது வழக்கம். பெரும்பாலும் வேம்பும் புங்கையும் நடுகிறார்கள். பனங்கொட்டையை ஊன்றினால் பதநீர் தரப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். அதுவரை அந்தச் சபையில் அதே ஐயர் இருக்கமாட்டார் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

ஆயினும் ஸ்தோத்திரப் பண்டிகையின் ஏலத்தில் பனை இன்னும் தலைகாட்டுகிறது. ஆராதனை முடிந்து, வாழைத்தாரும் பூசணியும் சேவலும் விலைபோனபின், ஓலைப் பெட்டியில் கருப்பட்டி வரும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெள்ளைச் சீனியைக் காய்ச்சி நிறமேற்றிக் கருப்பட்டியென்று விற்பாரும் பெருகியிருக்கிறார்கள். ஆகவே விலை கூறுமுன், ஏலம் கேட்பவர் ஒரு வட்டைக் கையில் எடுத்து, விளிம்பில் நகத்தால் சுரண்டி, நாவில் வைத்துப் பார்த்து, கொண்டுவந்தவரை நோக்கி, "சீனி கலக்காததுதானா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்.

"கோயிலுக்குன்னு தனியாக் காய்ச்சினதுய்யா" என்கிறார் அவர். ஏலம் அதன்பிறகே ஏறுகிறது.