எண்ணெய்க் கறையும் வண்ணார் அறிவும்

'டோபி காட்' என்றால் இன்றைய மாணவர்க்கு 1987-இல் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையமே நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்தனர். அதனால் வந்த பெயர் அது.

அத்தொழிலின் வரலாற்றை அறிவியல் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்கவே நான் விரும்புகிறேன். எண்ணெய் நீரில் கரையாது. தமிழகத்து வண்ணார், சோடா உப்பு கொண்ட உவர்மண்ணைக் கரைத்து, அந்நீரில் துணியை நனைத்து, வெள்ளாவியில் வைத்து அவித்தனர். சூட்டில் காரமும் எண்ணெயும் வினைபுரிய, கறையின் ஒரு பகுதி சவர்க்காரமாகவே மாறியது. அச்சவர்க்காரம் எஞ்சிய எண்ணெயை நீரோடு கலந்து வெளியேற்றியது. 1791-இல் பிரான்சு நாட்டு லெபிளாங்க், கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மண்ணிலிருந்தே அதனை எடுத்தாண்ட நம் வண்ணாருக்கோ இழிசொல்லே கிடைத்தது.

அன்புப் பெற்றோரே, பிள்ளையின் சீருடையில் குழம்பு எண்ணெய் பட்டால், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, சற்று ஊறவிட்டு, வெந்நீரில் அலசுங்கள். அவ்வேளையில் இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். 'வண்ணான்' என்பதை வசைச்சொல்லாக வழங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் தொடரலாகாது.