தண்டுவட மரப்பு நோயில் உடற்பயிற்சி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்களின் தசைவலு, நடை, சமநிலை, மூச்சுத்திறன் ஆகியவற்றைக் காக்கவும் களைப்பைக் குறைக்கவும் திட்டமிட்டுத் தரப்படும் பயிற்சி. இது நோயைக் குணப்படுத்தாது. நோயை அடக்கும் மருந்துகளுக்கு மாற்றும் ஆகாது. மருத்துவமனைப் பேச்சில் நோயின் பெயர் எம்.எஸ். தமிழ்ப் பெயர் தண்டுவடத்தை மட்டும் சுட்டினாலும் மூளையும் பார்வை நரம்பும் இதில் பாதிக்கப்படுகின்றன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிக்கிறது. உறை உரிந்த இடத்தில் நரம்புத் துடிப்பு மெதுவாகப் போகும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஓய்வு மருந்தாக இருந்த காலம்

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ 1868இல் இந்நோயைத் தனி நோயாக விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக நோயாளிகள் கேட்ட அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள். இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப், உடலை வருத்தி உழைத்தபின் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890இல் பதிவு செய்தார். உழைப்புதான் கேடு என்ற எண்ணம் வேரூன்றியது. உண்மையில் காரணம் உழைப்பு அன்று, உழைப்பால் ஏறும் உடல்சூடு என்பது பின்னர்தான் தெளிந்தது. ஸ்கேன் வசதி வருவதற்கு முன், சந்தேகத்துக்குரியவரை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, அறிகுறிகள் தலைகாட்டுகின்றனவா என்று பார்ப்பதே ஒரு நோயறிசோதனையாகவும் இருந்தது.

உடல்சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே அறிகுறிகள் தலைகாட்டலாம். சூடு கூடும்போது நரம்பிழையின் சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. நல்ல நரம்புக்கு அது பொருட்டில்லை. உறை உரிந்த இடத்தில் துடிப்பு ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் கடக்கிறது. அங்கே இந்தச் சிறு குறைவே அதை நிறுத்திவிடப் போதும். உடல் குளிர்ந்ததும் பார்வையும் கால் வலுவும் திரும்பிவிடும். நரம்புக்குப் புதிதாகச் சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. இந்த ஒன்றை நோயாளியும் வீட்டாரும் புரிந்துகொண்டாலே பாதி அச்சம் விலகும்.

ஓய்வெடுக்கச் சொன்னதன் விளைவு வேறு விதமாக வந்தது. அசையாத தசை மெலிந்தது, இதயத்தின் திறன் குறைந்தது, எலும்பு பலவீனமானது. நடை தளர்ந்தபோது பழி முழுவதும் நோயின் மேல் விழுந்தது. அதில் ஒரு பங்கு ஓய்வினுடையது என்பதை எவரும் கணக்கிடவில்லை.

ஆய்வுகள்

திருப்புமுனை 1996இல் வந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 54 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 15 வாரம், வாரம் மூன்று முறை, கையும் காலும் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் பயிற்சி கொடுத்தனர். அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்ந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் டால்காஸ் குழுவினர் 2009இல் எடைப்பயிற்சியை ஆராய்ந்தனர். 12 வாரத்தில் கால்வலுவும் அன்றாட இயக்கமும் மேம்பட்டன. பயிற்சியால் நோய் மறுதாக்குதல் கூடும் என்ற பயத்துக்குப் பிந்தைய தொகுப்பாய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

யோகா பற்றிய ஓர் ஆய்வு நம்மவர்களுக்குச் சுவையானது. அமெரிக்காவின் ஆரிகனில் 69 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட அதில், ஐயங்கார் யோகா செய்தவர்களுக்கும் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் களைப்பு ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. யோகாவுக்குத் தனி மகிமை தேடுவோருக்கு இது ஏமாற்றம். எதை விருப்பத்தோடு செய்ய முடியுமோ அதைச் செய்யலாம் என்போருக்கு நல்ல செய்தி.

எல்லா முடிவும் சாதகமானவை அல்ல. நோய் படிப்படியாக முற்றும் வகையினர் 311 பேரிடம், சிந்தனைப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2023இல் வெளியானது. சிந்தனை வேகத்தில் எதிர்பார்த்த கூடுதல் பலன் அதில் கிட்டவில்லை.

நடைமுறை

லேசான அல்லது நடுத்தரப் பாதிப்புள்ள 18 முதல் 64 வயதினருக்கு, வாரம் இரு நாள் 30 நிமிட மிதமான மூச்சுப்பயிற்சி, இரு நாள் தசைவலுப் பயிற்சி என்று 2013ஆம் ஆண்டின் கனடிய வழிகாட்டுதல் வகுத்தது. இதில் மூச்சுப்பயிற்சி என்பது பிராணாயாமம் அன்று. வேகநடை, சைக்கிள், நீச்சல் போல மூச்சு வாங்கவைக்கும் எதுவும் அதில் அடங்கும். இந்நோயில் இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளும் சில சமயம் பழுதாவதால், நாடியை எண்ணுவதை மட்டும் நம்பக் கூடாது. பயிற்சியின்போது பேச முடிகிறதா, பாட முடியவில்லையா என்பது எளிய அளவுகோல்: பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது.

சூட்டைச் சமாளிப்பதே பெரிய வேலை. சென்னை போன்ற ஊரில் விடியலுக்கு முன் அல்லது மின்விசிறிக் காற்றில் பயிற்சி செய்வதும், தொடங்குமுன் குளிர்ந்த நீரில் குளிப்பதும், ஒரே மூச்சில் அரைமணி செய்யாமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பதும் உதவும். நீர்ப்பயிற்சிக்கு 27 முதல் 29 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் ஏற்றது. வெந்நீர்க் குளம் ஆகாது. சிறுநீரை அடக்க முடியாத தொல்லைக்கு அஞ்சிப் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். பயிற்சி நாளில் அது சோர்வைக் கூட்டும். மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டிய விஷயம் இது. சமநிலைப் பயிற்சியைச் சுவரையோ கனமான மேசையையோ ஒட்டி நின்று செய்வது நல்லது, ஏனெனில் விழுவது இந்நோயில் சாதாரணம். புதிய அறிகுறி தோன்றி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அது சூட்டின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. பயிற்சியை நிறுத்தி நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோயின் கடுமையை ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வகுத்த 0 முதல் 10 வரையிலான அளவையில் குறிக்கின்றனர். 6 என்றால் கைத்தடி வேண்டும், 7 என்றால் சக்கர நாற்காலி. அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைகள் 9 வரை உள்ள எல்லோருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டன. இயன்றவருக்கு வாரம் 150 நிமிடம் என்பது அதன் இலக்கு. படுக்கையை விட்டு எழ முடியாத, அளவையில் 9ஐ எட்டியவருக்கு மூச்சுத் தசைகளுக்கான பயிற்சியும் அதில் இடம்பெற்றுள்ளது.