யூரோவிஷன் பாட்டுப் போட்டி: ஊர்ச் செலவுக்கு ஓட்டு போட்ட பாசல் மக்கள்!

ஒரு பாட்டுப் போட்டிக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கலாமா? இதை மக்களிடமே ஓட்டுக்கு விட்ட நகரம், சுவிட்சர்லாந்தின் பாசல்.

போட்டி எங்கே நடக்கும்?
யூரோவிஷன் 1956-ல் தொடங்கியது. வழக்கமா, ஜெயிக்கிற நாடுதான் அடுத்த வருஷம் நடத்தணும். 2024-ல் ஸ்வீடனின் மால்மோவில் சுவிஸ் பாடகர் நெமோ வென்றார். 2025 போட்டிக்கு ஜெனீவாவை முந்தி பாசல் தேர்வானது.

என்ன சிக்கல்?
டிவி தயாரிப்பை சுவிஸ் ஒளிபரப்பு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஆனா பாதுகாப்பு, போக்குவரத்து, தெருக் கொண்டாட்டம் எல்லாம் ஊர் பொறுப்பு. அதுக்கு மாகாண அரசு சுமார் 3.5 கோடி ஃபிராங்க் ஒதுக்கியது. இ.டி.யு. என்ற சிறிய கிறிஸ்தவக் கட்சி இதை எதிர்த்துக் கையெழுத்து திரட்டியது. அங்கே போதுமான கையெழுத்து சேர்ந்தால், அரசு ஒதுக்கிய பணமும் வாக்கெடுப்புக்கு வந்துவிடும்.

மக்கள் என்ன சொன்னாங்க?
2024 நவம்பர் 24 வாக்கெடுப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘சரி’ என்றனர். ‘வேண்டாம்’ என்றிருந்தால், அரங்குக்குள் டிவி நிகழ்ச்சி மட்டுமே மிஞ்சியிருக்கும். ஊர்க் கொண்டாட்டம் இருந்திருக்காது.

அடுத்து யார்?
2025 மே 17 இறுதிப்போட்டியில் ஆஸ்திரியாவின் ஜேஜே ஜெயித்தார். அதனால் 2026-ல் இந்தப் பொறுப்பு வியன்னாவுக்குப் போனது.