வாடகை ஒப்பீடு (வடசென்னை)

ஊர் மாறுவோர், புதிய ஊரின் வீட்டுச் செலவு தங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கும் கணக்கு. நகரங்களின் சராசரி வாடகையை அருகருகே வைப்பது வழக்கம். வடசென்னைக்கு அது அவ்வளவாக உதவாது. இராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் மாநகராட்சிக்குள் இருப்பதால், தென்சென்னையின் கூடுதல் வாடகையும் கலந்த சராசரிதான் கையில் கிடைக்கும்.

மத்திய அரசின் வீட்டு வாடகைப்படியும் நகரத்தைத்தான் பார்க்கிறது, பேட்டையை அல்ல. ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டி 2017இல் அடிப்படைச் சம்பளத்தில் முதல் வகை நகருக்கு 24%, இரண்டாம் வகைக்கு 16%, மற்றவற்றுக்கு 8% என வகுத்தார்கள். 2024இல் அது 30, 20, 10 ஆனது. சென்னை முதல் வகை, கோவை இரண்டாம் வகை. கோவையிலிருந்து மாற்றலாகித் திருவொற்றியூரில் குடியேறுபவருக்கு, தென்சென்னை அடையாறில் இருப்பவர் வாங்கும் அதே விகிதம்தான். மிச்சம் பிடிக்கத் தெரிந்தவருக்கு நல்ல இடம்.

வாடகையோடு கணக்கு முடிவதில்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். அந்த ‘உடன்பாட்டில்’தான் பேரமே நடக்கிறது. கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, தண்ணீர் லாரிக்கு யார் காசு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால் திருவொற்றியூருக்குப் பயண நேரம் குறைந்தது. எண்ணூர்க் கணக்கில் காற்றையும் சேர்க்க வேண்டும்: 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் அங்கே கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியாவும் கசிந்தது.